தோட்டா மறுநிரப்பு

சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, தீப்பற்றவைக்கும் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மறுபடி சுடத்தக்கதாக்குவது தோட்டா மறுநிரப்பு எனப்படும். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் மீண்டும் பயன்படுவது கூடு ஒன்றே. அமெரிக்காவில் இது வீட்டு மேசையில் நடக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் கடுங்குற்றம். பெங்களூரின் பீன்யா போன்ற தொழிற்பேட்டையில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது மிகவும் அவசியம். இதற்கு வேண்டிய பிரஸ்ஸும் (அழுத்தும் கருவி) டையும் (அளவு அச்சு) அங்குள்ள பட்டறைகளின் அன்றாட வேலையை ஒட்டியவை.

துப்பாக்கி வெடிக்கும்போது வாயுவின் அழுத்தத்தால் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதை மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவருவது டையின் வேலை. பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினால் ராம் என்னும் தண்டு மேலேறிக் கூட்டை டைக்குள் செலுத்தும். டையின் நடுவிலுள்ள ஊசி, எரிந்த பிரைமரை அதே இழுப்பில் வெளியே தள்ளிவிடும். கழுத்துக் குறுகிய ரைபிள் கூடுகளுக்கு எண்ணெய்ப் பூச்சு வேண்டும். பூச மறந்தால் கூடு டைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். நேரான கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு வளையம் வைத்த டை இருந்தால் எண்ணெய் தேவையில்லை.

பிரைமரிலும் இரு வகை உண்டு. இரண்டும் 1860களில் உருவானவை. இங்கிலாந்தின் பாக்ஸர் வகுத்த முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால் ஊசி நேராக நுழைந்து பழைய பிரைமரைத் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவின் பெர்டன் முறையில் துளைகள் பக்கவாட்டில் இருக்கும், ஊசிக்கு வழியில்லை. வீட்டு மறுநிரப்பு ஏறக்குறைய முழுவதும் பாக்ஸர் முறையை நம்பியே வளர்ந்தது.

இக்கருவிகளைப் பெருவாரியாகச் செய்பவை அமெரிக்க நிறுவனங்கள். ஆர்.சி.பி.எஸ். 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கியது. ஹார்னடி 1949இலும், லீ நிறுவனம் 1958இலும் தோன்றின. லீயின் தொடக்ககாலக் கருவிக்குப் பிரஸ்கூட வேண்டியதில்லை. மரச் சுத்தியலால் தட்டியே கூட்டை டைக்குள் இறக்கலாம்.

தொடக்கக்காரருக்கு எந்தப் பிரஸ் என்ற கேள்விக்கு அமெரிக்க அனுபவசாலிகள் பெரும்பாலும் தரும் பதில் ஒற்றை நிலைப் பிரஸ். ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை. ஒவ்வொரு கூடும் பலமுறை கைக்கும் கண்ணுக்கும் வந்துபோவதால் விரிசலும் விடுபடலும் அகப்பட்டுவிடும். டரட் பிரஸ்ஸில் டைகள் சுழலும் தலையில் இருக்கும். புரோகிரெசிவ் பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் எல்லா நிலைகளும் நடந்து, ஒரு தோட்டா முடிந்து விழும். வேகம் அதிகம், பிழை நேர்ந்தால் கண்ணில் படாமலே போகும் வாய்ப்பும் அதிகம். பழக்கமில்லாதவர் அதை வாங்குவது தவறு.

பிரஸ்ஸை விட முக்கியமானது தராசு. மருந்தை அளக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மறுநிரப்புக்கான தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும், அதாவது ஆறரை மில்லிகிராம். 10 மில்லிகிராம் மட்டுமே காட்டும் சட்டைப்பைத் தராசு இதற்குப் போதாது. பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் பிரஸ்ஸில் பிடிக்கலாம். தராசிலும், சோதனை எடைக்கல்லிலும், நிறுவனங்கள் வெளியிடும் அளவுக் கையேட்டிலும் பிடிக்கக் கூடாது.

காரணம், இத்தொழிலில் தவறுக்கு விலை உடனடியானது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்து கூட்டின் பாதியைக்கூட நிரப்பாமல் இருக்கலாம். இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது, துப்பாக்கி மட்டும் பிளக்கும். மருந்தே போடாமல் விட்டால் பிரைமரின் விசையில் குண்டு குழலின் நடுவில் போய் நிற்கும். அடுத்த குண்டு அதன்மேல் மோதிக் குழலை வெடிக்கச் செய்யும். பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. கூடுகளைச் சுத்தம் செய்கையில் எழும் தூசி, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மறைவான நஞ்சு.

இந்தியத் துப்பாக்கி விளையாட்டில் இக்கலைக்கு இடம் மிகக் குறைவு. 10 மீட்டர் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் 4.5 மி.மீ. ஈயப் பெல்லட்டைச் சுடுபவை. கூடே கிடையாது, நிரப்ப எதுவும் இல்லை. ஐம்பது மீட்டர் போட்டியின் 0.22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை விளிம்புக்குள் பூசப்பட்டிருப்பதால் அதை நடைமுறையில் மறுநிரப்ப இயலாது. டிராப், ஸ்கீட் போட்டிகளில் 12 போர் தோட்டாவின் ரவை எடை ஏறத்தாழ 24 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆலைத் தோட்டாக்கள் அந்த அளவில் சீராகக் கிடைக்கின்றன. பெங்களூரில் இன்று துப்பாக்கி சுடப் பழகத் தொடங்கும் பையனோ பெண்ணோ மறுநிரப்புக் கருவி தேடவே வேண்டியதில்லை. கிளப்பின் பயிற்சியாளரும் நல்ல பெல்லட்டும் போதும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. அதோடு நிற்கவில்லை. 2ஆம் பிரிவு தரும் விளக்கத்தின்படி தோட்டாவின் உறுப்புகளும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும்கூடத் தோட்டா என்றே கொள்ளப்படும். அமெரிக்காவில் சாதாரணக் கடைச் சரக்கான பிரஸ்ஸும் டையும் இங்கே அந்த வரையறைக்குள் வந்துவிடக்கூடும். 2019 திருத்தத்துக்குப் பின் சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்த தண்டனை ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரை நீளலாம். மருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனி. கர்நாடகத்திலேயே குடகின் கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் மரபு நில உரிமை கொண்டவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதற்கானது, தோட்டா தயாரிப்பதற்கு அல்ல.

இச்சட்டம் நேரடியாகத் தொடக்கூடிய பீன்யா, பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி அமைந்தது. அருகே ஜாலஹள்ளியில் 1953இல் எச்.எம்.டி. நிறுவனம் எழுந்த பின் இப்பகுதியில் இயந்திரக் கருவித் தொழில் வேரூன்றியது. டூல் அண்டு டை பயிற்சிக்குப் பெயர்பெற்ற என்.டி.டி.எஃப். நிறுவனம் பீன்யாவிலும் இயங்குகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் லேத்திலும் கிரைண்டரிலும் ஒயர் கட்டிலும் வேலை பார்க்கும் இடம் இது. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்கு வரைபடம் மட்டுமே வருகிறது. பொருள் எதற்கு என்று பலரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் இங்கே ஆபத்தானது. வெளியே ⅞ அங்குல மரை, அங்குலத்துக்கு 14 பற்கள், உள்ளே படிப்படியாகக் குறுகும் மெருகேற்றிய துளை, நடுவில் ஊசி: இப்படி ஒரு வரைபடம் வந்தால் அது மறுநிரப்பு டையாக இருக்கலாம். பட்டறைக்காரர் எழுத்தில் பயன்பாட்டைக் கேட்க வேண்டும். ஆயுதத் தயாரிப்பு உரிமத்தின் நகலைப் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால், எவ்வளவு கூலி தந்தாலும் அந்த வேலையை ஏற்கக் கூடாது.