மந்த காலத்துத் தோட்டத் தமிழர்

உழைப்பவனுக்குள்ள அச்சங்கள் பலவற்றுள் தலையாயது, நாளை வேலை இருக்குமோ இராதோ என்னும் அச்சமேயாகும். பசி வந்தபின் அதனைத் தாங்க மனிதன் எவ்வாறேனும் கற்றுக்கொள்கிறான். பசி வருமோ என்று எண்ணியெண்ணி மெலிவதற்கோ எல்லையில்லை. மலாய் நாட்டுத் தமிழர் இவ்வச்சத்தை ஒருசேர அனுபவித்த காலம், 1930 முதல் 1933 வரையிலான ரப்பர் மந்த காலமாகும். அக்காலத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால், "கலி முற்றியது", "தலையெழுத்து" என்று சொல்லிப் பெருமூச்சுவிட்டுக் கடந்துவிடுவது நம்மவர் வழக்கம். தலையெழுத்து என்றால் அதனை எழுதிய கை ஒன்று இருக்கவேண்டுமன்றோ? அக்கை எது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விலையின் கதையை அறிதல் வேண்டும். 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விலைபோயிற்று. அவ்விலையைக் கண்டு காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன, தமிழகத்துச் சிற்றூர்கள் கங்காணிகளின் பின்னே கப்பலேறின. முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சியினர் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தனர். 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த கீழைத் தீவுகள் அக்கட்டுப்பாட்டில் சேரவில்லை. மலாயா கையைக் கட்டிக்கொண்டிருக்க, சுமத்திராவிலும் போர்னியோவிலும் மரங்கள் பெருகின. 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. தடை நீங்கிய சரக்கெல்லாம் சந்தையில் வந்து குவிந்த வேளையில் அமெரிக்கா இடறி விழுந்தது. உலகத்து ரப்பரிற் பெரும்பகுதியை வாங்கி வந்தது அந்நாட்டு மோட்டார்த் தொழிலே. 1929இல் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்த அந்நாடு, 1932இல் பதினான்கு இலட்சம் வண்டிகளைக்கூடச் செய்யவில்லை. சிங்கப்பூரில் 1929இல் இராத்தல் சுமார் 34 காசு விற்ற ரப்பர், 1932இல் சுமார் 7 காசுக்கு வந்தது. கிரகமும் தெய்வமும் செய்த வேலையா இது? அளவின்றி நட்டதும், ஒரே நாட்டை நம்பி விற்றதும் மனிதர் செய்தவை.

இவ்வீழ்ச்சி தோட்டத்துக்குள் எவ்வாறு நுழைந்தது? 1930 மே மாதத்தில் பிரிட்டிஷ், டச்சு முதலாளிகள் தமக்குள் உடன்பட்டு ஒரு மாதம் பால்மரம் வெட்டுவதை நிறுத்திப் பார்த்தனர். விலை ஏறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாங்க உதவியுடன் ஆள் கொண்டுவருதல் நிறுத்தப்பட்டது. அதுவரை முக்கிய பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக விதிக்கப்பட்டிருந்த நாட்கூலி, அக்டோபரில் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. ஒரே மரத்தை ஒரே கத்தியால் வெட்டிய பெண்ணுக்கு, நல்ல காலத்திலும் குறைவு, கெட்ட காலத்திலும் குறைவு என்பதை இங்கே குறித்துவைத்தல் வேண்டும்.

குறைந்த கூலிக்கு உடன்படாதவர் ஊர் திரும்பலாம். கப்பற் செலவை இந்தியர் குடிநுழைவு நிதி கொடுக்கும் என்பது ஏற்பாடு. 1907இல் தோன்றிய இந்நிதி, தோட்ட முதலாளிகள் தாம் வைத்திருந்த ஆட்களின் கணக்குப்படி செலுத்திய வரியினால் நடந்தது. ஆளைக் கொண்டுவர ஏற்பட்ட பணம் இப்போது ஆளை அனுப்பவும் பயன்பட்டது. 1930, 1931, 1932 ஆகிய மூன்றாண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர், அவருட் பெரும்பாலோர் தமிழர், இவ்வாறு திருப்பியனுப்பப்பட்டனர். மலாய் ஐக்கிய நாடுகளின் தோட்டங்களில் வேலை செய்தோர் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று.

இதனைக் கருணை என்போர் உண்டு. பட்டினி கிடந்து சாவதைவிடக் கப்பலேறுதல் நன்றே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டினால் பயன் அடைந்தவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். வேலையில்லாதவன் நாட்டில் இருந்தால் அவனுக்குச் சோறு கேட்கும் வாய் இருக்கும். கூட்டம் கூடும் கால்கள் இருக்கும். அவனைக் கப்பலேற்றிவிட்டால் நாட்டில் வேலையின்மை இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். மலாயாவின் துன்பம் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மூட்டை கட்டப்பட்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கப்பட்டது. நிலமற்றுப் போனவன் நிலமற்றவனாகவே திரும்பினான். அவன் விட்டுவந்த சேரியும் தீண்டாமையும் அவனுக்காகக் காத்திருந்தன.

நகரத்துக் கூலிக்காரனுக்கு வேலை போனால் கூலி போகும். தோட்டத்துத் தமிழனுக்கோ வேலையோடு அனைத்தும் போகும். அவன் குடியிருந்த லயம் தோட்டத்துடையது. அவன் அரிசி வாங்கிய கடை தோட்டத்தில் இருந்தது. அவன் பிள்ளை எழுத்துப் படித்த கொட்டகையும், காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய ஆஸ்பத்திரியும் தோட்டத்துடையவையே. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தரவேண்டும் என்று தொழிற்சட்டம் கூறிற்று. அந்நிலத்தில் அவன் வைத்த முருங்கை அவனுடையது, மண் அவனுடையதன்று. விடியற்காலைப் பிரட்டில் ஒரு பெயர் கூப்பிடப்படாமற்போனால், அக்குடும்பம் அன்றே வீடும் நாடும் இழந்த குடும்பமாயிற்று. ஆகவே மந்த காலத்து அச்சத்தை விலைவீழ்ச்சி பிறப்பித்தது என்றாலும், அதனை அத்தனை பெரிதாக வளர்த்தது, வாழ்வு முழுவதையும் ஒரே கயிற்றிற் கட்டிவைத்த தோட்ட முறையே என்பது எனது துணிபு.

கிராணிமார் இவ்வச்சத்துக்கு அப்பாற்பட்டவர் என்று அவர்களே எண்ணியிருந்தனர். ஆங்கிலம் படித்தவன், மேசைமுன் அமர்ந்தவன், மாதச் சம்பளக்காரன் என்னும் மூன்று மதில்கள் தம்மைக் காக்கும் என்று நம்பினர். மந்தம் அம்மதில்களையும் தாண்டி வந்தது. ஆள் பாதியானபோது செக்ரோலின் நீளமும் பாதியாயிற்று. பேரேட்டை எழுத எத்தனை கை வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நகரத்திலும் அவ்வாறே. வெள்ளீயம், ரப்பர் ஆகியவற்றின் ஏற்றுமதி வரியை நம்பியிருந்த அரசாங்கத்தின் வருமானம் வற்றவே, 1932இல் மலாய் ஐக்கிய நாடுகளில் சிக்கனக் குழு அமைந்தது. ரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் குமாஸ்தாக்களும் தொழிலாளரும் ஒருங்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தொழிலாளிக்குக் கப்பற் செலவு கொடுக்க ஒரு நிதியாவது இருந்தது. ஆங்கிலம் படித்தவனுக்கு நற்சான்றுக் கடிதம் ஒன்றே மிச்சம். இருந்தும் இருவரும் ஒரே படகில் இருப்பதை ஒப்புக்கொள்ளக் கிராணியின் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. அத்தொழிலைச் செய்பவன் என்ற உரிமையினால் இதனை எழுதுகிறேன்.

அச்சத்தின் கொடிய விளைவு பட்டினியன்று, பிளவாகும். வேலை நூறு பேருக்கு, கேட்பவர் இருநூறு பேர் என்றால், பக்கத்து வீட்டுக்காரனே பகைவனாகத் தோன்றுகிறான். கங்காணியின் உறவு, சாதி, ஊர் ஆகியவை சோற்றுக்கு வழியாகின்றன. அநியாயத்தைக் கண்டவன் வாயை மூடிக்கொள்கிறான். கூலியைக் குறைத்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கள்ளுக்கடையிற் சென்று மறக்கிறான். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கிச் சுயமரியாதையைப் பற்றிப் பேசியதும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் இக்காலச் சூழலிலேதான். சாதியால் பிரிந்து நிற்பவர் கூலிக்காக ஒன்றுசேர இயலாது என்னும் உண்மை, மேடைப் பேச்சு அளவில் நில்லாமல் வயிற்றுக்கும் உரிய உண்மையாக அப்போது விளங்கிற்று.

1934 ஜூன் மாதத்தில் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாடு தொடங்கி விலை ஏறிற்று. அதே ஆண்டில் மீண்டும் ஆட்கள் அழைக்கப்பட்டனர். விலை இறங்கியபோது ஓடி இறங்கிய கூலி, விலை ஏறியபோது நொண்டி நொண்டியே ஏறிற்று. 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்படவே, உதவியுடன் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்தது. கப்பலேற்றி அனுப்பினால் மறுபடியும் அழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அத்துடன் பொய்த்தது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றனர். துரைமார், கிராணிமார் முன்னே சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கியும் வெடித்தது. பத்தாண்டுகளுக்கு முன் மூட்டை கட்டிய அதே மக்கள் இப்போது எதிர்த்து நின்றனர். அச்சம் போனதனால் அவர்கள் ஒன்றுசேரவில்லை. ஒன்றுசேர்ந்ததனாலேயே அச்சம் போயிற்று.

அதன்பின் வந்தவை ஒவ்வொன்றாக வந்தன. சேமநிதி 1951இல் வந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவாயிற்று. வேலையிழந்தவனுக்கு உதவும் காப்புறுதித் திட்டமோ, மலேசியாவில் 2018 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ரப்பர் 7 காசுக்கு விற்ற ஆண்டுக்கும் அதற்கும் இடையே 86 ஆண்டுகள் கழிந்தன. அச்சத்தை ஆற்றும் வழி அறியாமையினால் நேர்ந்த தாமதமா இது? அவ்வழிக்குச் செலவாகும் பணத்தை யார் தருவது என்னும் வழக்கே இத்தனை காலம் நீண்டது.

இன்று அத்தோட்டங்களிற் பலவற்றில் செம்பனை நிற்கிறது. அதன் குலையை வெட்டுவோர் இந்தோனீசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தோர். அவர்களுக்கும் வேலை போனால் குடியிருப்புப் போகும், அனுமதிச் சீட்டுப் போகும், நாடு போகும். அவர்களைக் கண்டு "வந்தேறிகள்" என்று முகஞ்சுளிக்கும் தமிழர் நம்மிடையே உண்டு. தோழர்களே! நம் பாட்டனாரின் பெயர் பிரட்டில் கூப்பிடப்படாமற்போன காலையை நினைத்துப் பாருங்கள். அன்று அவரைக் கட்டியிருந்த கயிறு இன்னும் அறுபடவில்லை. வேறொருவர் கழுத்துக்கு மாறியிருக்கிறது. அதனை அறுக்கும் முயற்சியில் நமக்கும் பங்குண்டு.