பெயர் காத்த பெருமாட்டி

பெண்டிர் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் புராணங்களில் வரும் கற்பரசியரையே எடுத்துக் காட்டுதல் வழக்கம். யாமோ கல்லிலே பொறிக்கப்பெற்ற சான்றுகளோடு விளங்கும் ஒரு தாயின் வரலாற்றை ஈண்டு அன்பர்கட்கு எடுத்துரைக்கக் கருதுகின்றோம். அவர் சோழர் குலத்துப் பேரரசியாகிய செம்பியன் மாதேவியார். அவ்வம்மையாரை நம் குலத்தவர் என உரிமை கொண்டாடுதல் எம் நோக்கமன்று. அவர் வாழ்க்கையினின்று நம் இல்லங்கள் கற்கவேண்டிய பாடம் ஒன்று உளது. அதனைக் கூறுதலே நோக்கம்.

அம்மையார் மழவர் குடித் தலைவர் ஒருவரின் திருமகளார். முதற் பராந்தக சோழரின் மைந்தராகிய கண்டராதித்தரை மணந்தார். மூத்த இளவரசராகிய இராசாதித்தர் 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரிலே பட்டமையின், கண்டராதித்தர் அரசுரிமை எய்தினார். இவர் சிவபத்தியிற் சிறந்தவர். தில்லைக் கூத்தப்பெருமான்மீது இவர் அருளிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாந் திருமுறையுள் வைத்து இன்றும் ஓதப்படுகின்றது. இத்தகைய கணவரோடு வாழ்ந்த வாழ்வு நெடிது நிற்கவில்லை. ஏறத்தாழ 957-ஆம் ஆண்டில் அவர் சிவபதம் எய்தினார். அப்பொழுது மைந்தர் மதுராந்தகர் மிக இளையராயிருந்தார் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஆதலின் ஆட்சி கொழுந்தனார் அரிஞ்சயரையும், அவர்க்குப்பின் அவர் மகனார் சுந்தர சோழரையும் சார்ந்தது.

கணவரையும் இழந்து, மகன் அரியணையும் பிறர்பாற் செல்லக் கண்ட ஒரு பெண், மனம் உடைந்து மூலையில் ஒடுங்குதல் உலகியல். கைம்பெண்ணை மங்கலமிலி என ஒதுக்கும் வழக்கம் நம்மவர் இல்லங்களிலும் இருந்ததன்றோ? அம்மையாரோ அதன்பின் நாற்பது ஆண்டுகட்கு மேலும் உயிர் வாழ்ந்தார். அவர் புகழெல்லாம் அக்கைம்மைக் காலத்தில் விளைந்ததேயாகும். 941-ஆம் ஆண்டளவில் விளக்கறம் வைத்த அரசியாக முதன்முதற் காணப்படும் அவரைப் பற்றிய செய்தி, முதல் இராசராசர் காலத்து 1001-ஆம் ஆண்டு வரையில் கிடைக்கின்றது. அறுபது ஆண்டுத் தொண்டு எத்துணைப் பெரிது!

செங்கல்லால் ஆகிய பழங்கோயில்கள் பலவற்றை அவர் கற்றளிகளாக்கினார். ஆடுதுறை, திருக்கோடிகா, திருமுதுகுன்றம் முதலிய தலங்கள் அவரது திருப்பணிக்குச் சான்று பகரும். இப்பொழுது கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில் அவர் எடுப்பித்த கற்றளி தம் கணவர் திருப்பெயரால் அமைந்தது. அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் நிலையிற் சிற்பமாக விளங்குகின்றார். கல்வெட்டும் அதனை விளக்குகின்றது. அக்கோயிலைச் சமைத்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்னும் தச்சனும் மறக்கப்படவில்லை. அவனுக்கும் சிற்பம் உண்டு, பெயரும் உண்டு. உளி பிடித்தவன் பெயரையும் கல்லில் எழுதுவித்த உள்ளம் எத்தகையது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க.

இதனினும் வியக்கத்தக்கது திருக்கோடிகாவில் நிகழ்ந்தது. பழைய கோயிலைக் கற்றளியாக்கும்போது முன்னோர் வெட்டுவித்த கல்வெட்டுக்கள் அழிந்துபடும் நிலை நேர்ந்தது. அவற்றுட் பல பல்லவர் காலத்தன. புதுக்கோயில் கட்டுவோர் தம் பெயர் ஒன்றே நின்றால் அமையும் என்று பழங்கற்களை எறிந்து விடுதல் எளிது. அம்மையார் திருப்பணியிலோ அப்பழைய சாசனங்கள் மீண்டும் புதுச்சுவரிற் படியெடுத்து வெட்டப்பெற்றன. இவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பெற்றது. முன்பின் அறியாதார் இட்ட விளக்கும் ஈந்த நிலமும் அதனால் இன்றளவும் நினைக்கப்படுகின்றன.

சுந்தர சோழரின் மூத்த மைந்தர் ஆதித்தர் கொலையுண்டபின், ஏறத்தாழ 970-ஆம் ஆண்டில் மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயரோடு அரசு கட்டிலேறினார். அக்கொலைபற்றிப் பலர் பலவாறு கதை புனைவர். கொலைஞர் பெயர் கூறும் உடையார்குடிக் கல்வெட்டில் அம்மையார் பெயர் இல்லை. கொலையுண்டவரின் உடன்பிறந்தாராகிய இராசராசரது ஆட்சியிலும் அவர் தம் அறத்தொண்டைத் தொடர்ந்து நடாத்தினார். இராசராசரின் மைந்தர் இராசேந்திரர் காலத்தில், 1019-ஆம் ஆண்டில், அவருக்குத் திருவுருவமும் அமைக்கப்பெற்றது. தாயாதிகளின் பேரரும் வணங்கிய தாய்க்கு வேறு சான்று வேண்டுமோ?

நாகைக்கு அணித்தாய், அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என வழங்கும் ஊர் ஒன்று உளது. அங்குள்ள கோயிலில், அம்மையார் பிறந்த கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நிகழ, உத்தம சோழரின் தேவியர் பலர் அறக்கட்டளை வைத்தனர். மருமக்கள் மாமியார் பிறந்தநாளைப் போற்றிய செய்தி இது! மாமியும் மருகியும் மாறுபட்டு நிற்கும் இல்லத்தார் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிப்பாராக.

எனினும் ஒரு குறை நெஞ்சை வருத்துகின்றது. செம்பியன் மாதேவி என்பது அவர் இயற்பெயரன்று. சோழன் பெருந்தேவி என்னும் பொருள்தரும் சிறப்புப் பெயரேயாகும். கல்வெட்டுக்கள் அவரை மழவரையர் மகளார் என்றும், கண்டராதித்தர் தேவியார் என்றும், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்றும் கூறும். கணவர் பெயரையும் மைந்தர் பெயரையும் தச்சன் பெயரையும், முகமறியாத பழங்கொடையாளர் பெயரையும் காத்த பெருமாட்டிக்குப் பெற்றோர் இட்டழைத்த பெயர் யாது என்பது உலகிற்கு விளங்காமலே போயிற்று.

அன்பர்களே, அரசிக்கே இக்கதியாயின் நம் பாட்டிமார் நிலை யாது? நம் இல்லங்களிற் போற்றி வைத்திருக்கும் குலவழிப் பட்டியல்களை எடுத்து நோக்குமின். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என ஆடவர் பெயரே நிரலாக நிற்கும். பெண்டிர் ‘மனைவி’ என்னும் ஒரு சொல்லுள் ஒடுங்கியிருப்பர். பத்து மக்களைப் பெற்று, பஞ்சத்தில் தாம் பட்டினி கிடந்து பிறர்க்கு ஊட்டி, எண்பது ஆண்டு வாழ்ந்து மறைந்த மூதாட்டியின் பெயரை அவர் கொள்ளுப்பேரன் அறியான்.

ஆதலின் சங்கத்து அன்பர் ஒவ்வொருவரும் தம் தாய், தாயைப் பெற்றாள், தந்தையைப் பெற்றாள் ஆகிய மூவர் பெயரையும், பிறந்த ஊரையும், பிறந்த நாளையும், அவர் செய்த நற்செயல் ஒன்றையும் இம்மாதத்திற்குள்ளே எழுதி வைப்பாராக. கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் உள்ளபோதே கேட்டல் வேண்டும். கற்றளி எடுக்க நம்மால் இயலாது. ஓர் ஏட்டில் நான்கு வரி எழுதுதல் எவர்க்கும் இயலும்.