எகிறு

வேப்பம்பட்டு ரயிலடிச் சுவரொட்டி ஒன்று, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலே ‘பயோரியா’ என்கிறது. கிரேக்க வேரில் அதற்குச் சீழ் ஒழுக்கு என்று பொருள். வெறும் ரத்தக் கசிவு சீழாகாது. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்லும் ‘எகிறு வீங்கிப்போச்சு’ எனக்கு அதைவிடப் பிடிக்கும். அதில் சங்ககால ‘எயிறு’ உயிரோடிருக்கிறது. அன்று அது பல், யானைத் தந்தமும்கூட. பிறகு பல்லைப் பற்றிய சதைக்கும் பெயராயிற்று. ‘ஈறு’ அதன் சுருக்கம். முடிவைக் குறிக்கும் ஈறு வேறு, ‘இறு’வின் பிள்ளை. பாடநூலின் ‘பல்சூழ்திசு நோய்’ வாயில் நுழையவில்லை. தொடக்கநிலைக்கு ‘ஈறு அழற்சி’ போதும். அந்தக் கட்டத்திலேயே பற்காரையைச் சுரண்டி எடுத்து, ஒழுங்காகப் பல் துலக்கினால் ஈறு தேறிவிடும். விட்டுவிட்டு எலும்பு கரைந்தால் அது தானாக வளராது.