எடுத்துக்கொள் என்றது யாரிடம்?

மாத்திரை அட்டையின் உறையில் இடது மேல் மூலையைப் பாருங்கள். பல மருந்துகளில் அங்கே 'ஆர்எக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணை மருந்து அது என்பதற்கு இந்திய மருந்து விதிகள் வைத்த அடையாளம் இது. 'எச்1' அட்டவணை மருந்தானால் அதே குறி சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும். 'எக்ஸ்' அட்டவணை மருந்தானால் குறிக்கு முன்னால் இன்னோர் 'எக்ஸ்' சேரும். சட்டமே ஏற்றுக்கொண்ட இந்தக் குறி எந்த மொழியின் எந்தச் சொல்?

முதலில், அது இரண்டு எழுத்தே அல்ல. 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தின் சாய்ந்த காலைக் குறுக்காக வெட்டிய கோடுதான் நம் கண்ணுக்கு 'எக்ஸ்' ஆகத் தெரிகிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஏடெழுதியவர்கள் ஒரு சொல்லைச் சுருக்கினால், சுருக்கியிருக்கிறோம் என்று காட்ட எழுத்தின் மேல் ஒரு கோடு இழுப்பார்கள். இங்கே சுருங்கிய சொல் லத்தீனின் 'ரெசிப்பே'. 'எடுத்துக்கொள்' என்று பொருள், ஏவல் வினை. ஜூபிடர் தெய்வத்தின் குறியிலிருந்து வந்தது என்றும், எகிப்தின் ஹோரஸ் தெய்வத்தின் கண் இது என்றும் சொல்லும் கதைகள் இன்றும் உலவுகின்றன. கேட்க அழகானவை. ஆனால் பழைய மருந்துக் குறிப்புகளின் இலக்கணம் அவற்றுக்கு இடம் தரவில்லை. 'எடுத்துக்கொள், இன்ன பொருளில் இத்தனை அளவு' என்றே அந்த வாக்கியங்கள் ஓடுகின்றன. அளவு செயப்படுபொருளாக நிற்கிறது. அதை ஆளும் வினை தலைப்பில் இருக்கிறது. கடவுள் பெயரைத் தலைப்பில் போட்டால் வாக்கியம் வினையில்லாமல் தொங்கும்.

கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு பட்டியலிலும் இக்குறிக்கு ஓர் இடம் உண்டு. அங்கே அதன் பெயர் 'பிரிஸ்கிரிப்ஷன் டேக்'; ஆங்கிலத்தில் 'டேக்' என்றால் 'எடுத்துக்கொள்'. பெயர் வைத்தவர்கள் வினையை மறக்கவில்லை.

சரி, 'எடுத்துக்கொள்' என்று யாரிடம் சொன்னார்கள்? நோயாளியிடம் என்றே நாம் நினைப்போம். மருந்து எடுத்துக்கொள்பவர் அவர்தானே! ஆனால் மருத்துவர் பேசியது மருந்து கலப்பவரிடம். அலமாரியிலிருந்து இந்தச் சரக்கை இத்தனை எடுத்துக்கொள் என்பதே ஆணை. பழைய மருந்துச் சீட்டுக்கு நான்கு உறுப்புகள். தலையில் 'ரெசிப்பே', அடுத்துப் பொருள்களும் அளவுகளும், அதன்பின் எப்படிக் கலக்க வேண்டும் என்ற குறிப்பு, கடைசியில் 'சிக்னா', அதாவது 'எழுதி ஒட்டு' என்ற இன்னோர் ஏவல். நோயாளிக்கான சொற்கள் அந்த நான்காம் உறுப்பில்தான் வருகின்றன, அதுவும் மருந்து கலப்பவர் கைவழியாக. ஒரு காகிதத்துக்குள் இரண்டு உரையாடல்கள் இருந்தன. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அதே சொல் ஆங்கிலத்தில் பிற்பாடு அடுக்களைக்குப் போய் 'ரெசிப்பி' ஆனது. தமிழ் வேறு வழியில் போயிற்று. நாம் ஆணையை விட்டுவிட்டுக் காகிதத்துக்குப் பெயர் வைத்தோம்: மருந்துச் சீட்டு, ஓ.பி. சீட்டு. சீட்டுக்குள்ளே மட்டும் லத்தீன் ஒளிந்திருக்கிறது. 'பிடி' என்றால் நாளுக்கு இருவேளை. 'டிடிஎஸ்' என்றால் மூவேளை. 'எஸ்ஓஎஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு ஆபத்துக் குறி என்று அஞ்ச வேண்டாம். அது 'தேவைப்பட்டால்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள். இவற்றுக்கு நடுவில் நம் ஊர் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 என்ற முறை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிறது: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. நோயாளியை நேராகப் பார்த்துப் பேசும் குறி அது.

சுருக்கம் உயிரையும் வாங்கும். இன்சுலின் அளவோடு 'யூனிட்' என்பதற்கு 'யூ' என்று மட்டும் எழுத, அதைச் சுழியம் என்று படித்தால் 10 என்பது 100 ஆகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் 'எழுதவே கூடாதவை' என்று பட்டியலிட்ட சுருக்கங்களில் இதுவும் ஒன்று. கையெழுத்தின் ஆபத்துக்கு மாற்றாகக் கணினியை முன்வைத்தார்கள். கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள எல் கமீனோ மருத்துவமனை 1970-களின் தொடக்கத்திலேயே மருத்துவர் ஆணைகளைக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டது. அப்போது பெயரும் மாறியது. 'எடுத்துக்கொள்' போய் 'ஆணைப் பதிவு' வந்தது. ஏவல் வினை பெயர்ச்சொல்லாகிவிட்டது. ஏவலுக்கு எதிரே ஒருவர் நின்றாக வேண்டும். பதிவுக்கு எதிரே யாரும் வேண்டாம், திரை போதும்.

இந்த இழப்பைச் சொல்லாராய்ச்சிக்காரரின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. மின் மருத்துவப் பதிவேடுகளை மதிப்பிடும் ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்கின்றன. பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் டேவிட் பேட்ஸ் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தடுக்கப்படாத கடுமையான மருந்துப் பிழைகள் கணினிவழி ஆணையால் 55 விழுக்காடு குறைந்திருந்தன. பெரிய வெற்றி. ஏழு ஆண்டு கழித்து, 2005-இல், பென்சில்வேனியாவில் ஒரு போதனா மருத்துவமனையை ஆராய்ந்த சமூகவியலாளர் ராஸ் காப்பல் குழு, அதே வகைத் தொழில்நுட்பமே தூண்டக்கூடிய 22 வகைப் பிழை அபாயங்களைக் கண்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருந்தகத்தில் எந்த அளவு மாத்திரை இருப்பில் உள்ளது என்று திரை காட்டும். அதையே பரிந்துரைக்கப்பட்ட அளவு என்று இளம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மருந்து கலப்பவரிடம் பேச வேண்டிய செய்தி மருத்துவரிடம் பேசிவிட்டது. இரண்டு உரையாடல்களும் ஒன்றோடொன்று குழம்பிய இடம் அது.

அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது. கணினி முறை வந்தபின், வேறிடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 ஆக உயர்ந்திருந்தது. குழந்தை வந்து சேரும் முன்பே மருந்துக்குச் சொல்லிவைக்கும் பழைய வழக்கம் புதிய முறையில் முடியாமல் போனதை ஆய்வாளர்கள் சுட்டினர். சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைக் கொண்டுவந்தபோது இறப்பு கூடவில்லை. மென்பொருளின் பெயர் ஒன்று, விளைவு இரண்டு. ஆகவே 'இந்தக் கணினி முறை நல்லதா?' என்று கேட்கும் முனைவர் பட்ட ஆய்வு தவறான கேள்வியோடு தொடங்குகிறது என்றே நினைக்கிறேன். யார் யாரிடம் சொல்கிறார், சொன்னது எப்போது கைக்குப் போகிறது, மறுத்துக் கேட்க வழியுண்டா என்பவையே கேட்க வேண்டியவை.

இதற்கு வார்டில் நின்று பார்க்க வேண்டும். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் செவிலியர் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் பார்கோடு முறை, பிரிகாமில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வின்படி, மருந்து கொடுப்பதில் நேரம் சாராத பிழைகளை 41 விழுக்காடு குறைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காப்பல் குழு பல மருத்துவமனைகளில் செவிலியர் இம்முறையைச் சுற்றிப்போகும் 15 குறுக்குவழிகளைப் பட்டியலிட்டிருந்தது. கைப்பட்டையின் நகலைக் கதவில் ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. சோம்பல் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் காரணங்களைத் தேடினார்கள், 31 கிடைத்தன. கசங்கிய பார்கோடு, நனைந்த கைப்பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, அறுந்துபோகும் கம்பியில்லா இணைப்பு, நெருக்கடியில் காத்திருக்க முடியாத நோயாளி.