செஞ்சிக் கோட்டையும் சேய்மைச் செய்தியும்



செஞ்சி என்றவுடன் நம் குடும்பத்துச் சிறுவருக்கும் நினைவுக்கு வருவது தேசிங்குராஜன் கதை. 1714-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் பொருது மடிந்த அவ்விளைஞனுடைய வீரத்தைத் தெருக்கூத்தும் பாட்டும் இன்றளவும் வாழ வைத்திருக்கின்றன. அது தகுதியே. ஆயினும் அக்கோட்டையின் சரித்திரத்தில் வாளேந்தியவரைப் பாடினார் உளரேயன்றி, காதைத் தீட்டிக்கொண்டு செய்தி கேட்டு எழுதியவரைப் பாடினார் எவருமில்லை. அக்குறையைச் சிறிதளவாவது நிறைவு செய்யும் பொருட்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அந்நிய நாட்டு வானொலியைக் கேட்டும் பத்திரிகைகளைப் படித்தும், அவற்றின் சாரத்தைத் தம் நாட்டு மந்திரிகளுக்கு நாள்தோறும் எழுதியனுப்பும் காரியாலயங்களைப் பல தேசத்தார் நடத்தி வந்திருக்கின்றனர். ஆங்கிலேயருடைய பி.பி.சி. ஸ்தாபனம் 1939-ஆம் வருஷத்தில், உலகப்போர் மூண்ட காலத்தில், இத்தகைய காரியாலயமொன்றைத் தொடங்கிற்று. ஐக்கிய அமெரிக்க நாட்டார் 1941-ஆம் வருஷத்தில் தமக்கும் ஒன்றை ஏற்படுத்தினர். தூரதேசத்து ஒலியைத் தம் ஊரிலிருந்தே தெளிவாகக் கேட்க இயலாமையால், சைப்பிரஸ், ஒகினாவா முதலிய தீவுகளில் கிளைக் காரியாலயங்களை அவர்கள் வைத்தனர். 1947-ஆம் வருஷத்தில் இவ்விரு ஸ்தாபனங்களும், இன்ன பகுதியை நீ கேள், இன்ன பகுதியை யான் கேட்பேன் என்று உலகத்தையே தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அமெரிக்கருடைய அவ்விலாகா 2005-ஆம் வருஷத்தில் வேறு பெயருடைய ஸ்தாபனமாக மாற்றப்பட்டது.

இது இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய புதுமை என்று நம்மவரிற் பலர் எண்ணக்கூடும். கருவி புதிது; காரியம் பழையது. கடல் கடந்து வந்தவர் நம் கரையிற் காரியாலயம் வைத்து, உள்நாட்டு அரசனுடைய சபையில் நடப்பதை ஒட்டுக்கேட்டு, தம் தேசத்துக்கு எழுதியனுப்பிய தொழில், முந்நூறு ஆண்டுகட்கு முன் செஞ்சியைச் சுற்றி மும்முரமாக நடந்தது. அத்தொழிலில் வென்றவர் எதனால் வென்றார், தோற்றவர் எதனால் தோற்றார் என்பதே நாம் ஈண்டு ஆராய வேண்டுவது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலாற் பிணைத்து அமைந்த செஞ்சிக் கோட்டை, நாயக்கர் கையிலிருந்து பீஜப்பூர்ச் சுல்தானின் அதிகாரிகளிடம் சென்று, 1677-ஆம் வருஷத்தில் சிவாஜி மகாராஜாவின் வசமாயிற்று. அவருடைய இளைய குமாரர் ராஜாராம், மொகலாயர் தம்மைப் பிடிக்கத் தொடர்ந்து வருவதை அறிந்து, மாறுவேடம் பூண்டு தெற்கே ஓடி வந்து, 1689-ஆம் வருஷத்தின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். அன்று முதல் மகாராஷ்டிர ராஜ்யத்தின் தலைநகரம் நம் செஞ்சியே ஆயிற்று. மறுவருஷம் செப்டம்பர் மாதத்தில் ஔரங்கசீப் பாதுஷாவின் சேனாபதி சுல்பிகர்கான் வந்து முற்றுகையிட்டான். அம்முற்றுகை 1698-ஆம் வருஷத்தின் தொடக்கம் வரையில் நீடித்தது.

கடற்கரையிலோ, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். சென்னப்பட்டினத்தில் ஆங்கிலேயர் இருந்தனர். ஒல்லாந்தரும் தம் பண்டகசாலைகளை வைத்திருந்தனர். இவர்களுடைய வாணிகமும் உயிரும் செஞ்சியில் யார் ஜயிப்பார் என்பதைப் பொறுத்தே நின்றன. 1690-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர், ராஜாராமின் அதிகாரத்தாரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரையிற் கிராமங்களைத் தமதாக்கிக்கொண்டனர். 'குண்டு கிராமம்' என்னும் பெயர் அதனால் வந்தது. 1693-ஆம் வருஷத்தில் ஒல்லாந்தர், ராஜாராமிடமிருந்தே உரிமை பெற்றுப் புதுச்சேரியைத் தாக்கிப் பிடித்தனர். ஆகவே குன்றின்மேல் ஒரு சாசனம் எழுதப்பட்டால், நாற்பது மைலுக்கு அப்பால் கடற்கரையில் ஒரு பட்டினம் கைமாறும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இந்நிலையில் செய்தி எவ்வாறு வந்தது எனின், கூறுவோம். அரசன் சபையில் வக்கீல்கள் என்னும் பிரதிநிதிகள் இருந்தனர். அவர்கள் எழுதிய ஓலையையும் காகிதத்தையும் சுமந்து ஓடும் அர்க்காராக்கள் இருந்தனர். வணிகரும் யாத்திரிகரும் வழியிற் கண்டதைச் சொல்வர். பாளையத்திலிருந்து பசியால் ஓடி வந்த சிப்பாய் உள்ளே நெல் என்ன விலை என்பதைச் சொல்வான். இவையெல்லாம் பாரசீகத்திலும் மராத்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் வரும். காரியாலயத்து அதிகாரிக்கோ இவற்றுள் ஒன்றும் தெரியாது. நடுவே நின்றவர் துபாஷி. இரண்டு பாஷை அறிந்தவர் என்பது அப்பெயரின் பொருள். அவர் படித்துச் சொன்னதே செய்தி. அவர் விட்டுவிட்டது நடவாததற்குச் சமானம். புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மார்த்தேன் எழுதி வைத்த குறிப்புக்களில் செஞ்சி விவகாரங்கள் மிக விரிவாகக் காணப்படுகின்றன. இன்று சரித்திர ஆசிரியர் அம்முற்றுகையை எழுதப் புகின் மார்த்தேனை விட்டு எழுத இயலாது. அவருடைய காதுகள் நம் நாட்டு மனிதரே. அவர்களுட் பலருடைய பெயர் நமக்கு எட்டவில்லை.

மொகலாயரும் இத்துறையிற் சோம்பியிருந்தவரல்லர். ஒவ்வொரு மாகாணத்திலும் வாக்கியா நவீஸ் என்னும் செய்தி எழுத்தரை அவர்கள் நியமித்திருந்தனர். அவர் எழுதுவது மெய்யோ என்று பார்க்க, அவர் அறியாதபடி எழுதும் வேறொரு இரகசிய எழுத்தரும் உண்டு. இருவர் எழுதியதையும் பாதுஷாவின் சமுகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பர். திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் விதித்த முறையும் இதுவே. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனாற் சோதிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்பது அவர் கருத்து.

நிற்க. இம்முறை ஒருமுறை அறுபட்டபோது விளைந்த கேட்டைச் செஞ்சியே கண்டது. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1691-ஆம் வருஷத்தின் இறுதியில், பாதுஷாவின் கடைக்குட்டியாகிய காம்பக்ஷ் என்னும் இளவரசரும், சுல்பிகர்கானின் தந்தையும் முதல் மந்திரியுமாகிய அசத்கானும் பாளையத்துக்கு வந்து சேர்ந்தனர். இளவரசருக்கும் அவ்விருவருக்கும் மனப்பொருத்தமில்லை. மறுவருஷம் டிசம்பர் மாதத்தில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மகாராஷ்டிர வீரர் இருவர் பெருங் குதிரைப்படையுடன் இறங்கினர். காஞ்சீபுரத்துப் பக்கத்தில் மொகலாய அதிகாரி அலிமர்தான்கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். பாளையத்தைச் சுற்றியுள்ள வழிகள் அடைபட்டன. தானியம் வரவில்லை, அதனினும் கொடிதாகத் தபால் வரவில்லை. பாதுஷாவின் சமுகத்திலிருந்து ஒரு கடிதமும் எட்டாத அந்நாட்களில் பாளையமெங்கும் ஒரு வதந்தி எழுந்தது. பாதுஷா இறந்துவிட்டார் என்றனர் சிலர்; மரணத் தறுவாயில் இருக்கிறார் என்றனர் வேறு சிலர்.

அவ்வதந்தி இளவரசர் காதில் விழுந்தது. தந்தை இறந்தாராயின், அசத்கானும் அவன் மகனும் மூத்தவராகிய ஷா ஆலமைச் சிங்காதனத்தில் ஏற்றித் தம்மைச் சிறையிலிடுவர் என்று அவர் நடுங்கினார். கேட்டது மெய்யோ என்று தெளிய அவருக்கு வழியில்லை; தெளியும் வரையிற் பொறுத்திருக்கவும் மனமில்லை. கோட்டைக்குள் இருந்த பகைவராகிய ராஜாராமுடன் இரகசியமாகக் கடிதப் போக்குவரவு செய்து, இரவோடிரவாகக் கோட்டைக்குள் ஓடிவிட ஏற்பாடு செய்தார். ஆனால் சுல்பிகர்கானின் ஒற்றர் உறங்கவில்லை. ஏற்பாடு வெளிப்பட்டது. பாதுஷாவின் புத்திரர் பாதுஷாவின் சேனாபதியாலேயே காவலில் வைக்கப்பட்டார். முற்றுகைப் படை கலகலத்துப் போயிற்று. சுல்பிகர்கான் 1693-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். காம்பக்ஷ் தந்தையிடம் அனுப்பப்பட்டார்.

இறந்ததாகச் சொல்லப்பட்ட அத்தந்தையோ, 1707-ஆம் வருஷம் வரையில் உயிருடனிருந்தார்!

பொய்ச்செய்தி எங்கும் எக்காலத்தும் உண்டு. அது பிறந்தது வியப்பன்று. அதனைச் சோதிக்கும் இரண்டாம் வாய் அன்று இல்லாமற் போனதே கேட்டுக்குக் காரணம். செய்தி குறைந்த இடத்தில் அச்சமே எழுத்தராய் அமர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர் மாறான ஓர் உதாரணத்தை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்திற் காண்கிறோம். முன்னே சொன்ன பி.பி.சி. காரியாலயத்தில், ஜெர்மனி ஆஸ்திரியா நாடுகளிலிருந்து உயிர் தப்பி வந்த பலர் வேலை பார்த்தனர்; அந்நாட்டு மொழி அவர்கள் தாய்மொழி. ஆஸ்திரியாவிற் பிறந்தவரும் பிற்காலத்திற் சித்திரக்கலைச் சரித்திர ஆசிரியராகப் புகழ் பெற்றவருமான கோம்பிரிக் என்பவர் அவர்களுள் ஒருவர். 1945-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி ஜெர்மன் வானொலி, முக்கியமான அறிவிப்பொன்று வருமென்று சொல்லி, சோகமான வாத்திய இசையை ஒலிபரப்பிற்று. அது புரூக்னர் என்பவர் வாக்னர் என்னும் சங்கீத வித்துவானின் மரணத்தையொட்டி அமைத்தது என்பதை அவர் அறிவார். ஹிட்லர் இறந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஆனால் ஊகத்தைச் செய்தியென்று அனுப்பினாரில்லை. நேரக்கூடியவற்றைத் தனித்தனிச் சீட்டுக்களில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வானொலியே வாய்திறந்து சொன்ன கணத்தில் உரிய சீட்டைச் சுட்டிக்காட்டினார். செய்தி உடனே பிரதம மந்திரிக்கு எட்டிற்று.

இரண்டும் ஓர் அதிபதியின் மரணத்தைப் பற்றிய செய்திகளே. செஞ்சிப் பாளையத்தில் ஊகமே செய்தியாயிற்று. இங்கிலாந்தில் ஊகம் ஊகமாகவே நின்று, மெய்க்குக் காத்திருந்தது. அந்நிய நாட்டுச் செய்தியைக் கேட்கும் காரியாலயத்தை நடத்துவோர் அறிய வேண்டிய சூக்ஷ்மம் இதுவே. நல்ல கருவியும் உயர்ந்த கம்பமும் வேண்டுவனவே. ஆயினும் அந்நாட்டு மொழியும் வழக்கமும் இசையும் அறிந்து, கேட்டதைக் கேட்டபடியும் ஊகித்ததை ஊகமென்றும் பிரித்தெழுதும் பொறுமையுள்ள மனிதன் இல்லையேல் அவற்றால் பயனில்லை.

அத்தகைய மனிதரொருவரை நம் தமிழ்நாடும் பெற்றிருந்தது. 1709-ஆம் வருஷம் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி 1761-ஆம் வருஷம் வரையில், தாம் கண்டனவற்றையும் பிறர் வாயிலாய்க் கேட்டனவற்றையும் கப்பல்களின் வரத்துப் போக்கையும் புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதி வந்தார். துய்ப்ளேக்ஸ் என்னும் கவர்னரின் காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கினார். 1750-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளகர்த்தன், எவராலும் எளிதிற் பிடிக்க இயலாதென்ற செஞ்சியை ஒரே இரவிற் பிடித்ததும் அவர் காலத்து நிகழ்ச்சியே. இன்னார் சொன்னார், இன்ன ஊரிலிருந்து கடிதம் வந்தது என்று செய்தியின் வாயைக் குறிப்பது அவருடைய வழக்கம். வதந்தியையும் எழுதுவார், ஆனால் வதந்தியென்று தெரியும்படி எழுதுவார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், 1761-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அவர் காலமானார். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அவருடைய தினக்குறிப்பு எண்பத்தைந்து ஆண்டுக் காலம் வீட்டிலேயே அடங்கிக் கிடந்து, 1846-ஆம் வருஷத்தில் வெளிப்பட்டது. பின்னர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரையிற் பன்னிரண்டு பாகங்களாகச் சென்னை அரசாங்கத்தாரால் வெளியிடப்பட்டது. பீரங்கிகள் மண்ணிற் புதைந்தன; அதிகாரிகள் மறைந்தனர்; வீட்டார் காத்த காகிதமே நின்றது.

அன்பர்களே! 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மகாராஷ்டிரர் கோட்டைகள் பதினொன்றுடன் நம் செஞ்சிக் கோட்டையையும் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மதிலைக் காண உலகோர் வருவர். மதிலுக்குள்ளும் வெளியிலும் ஓலை படித்தும் ஓடியும் எழுதியும் உழைத்தவர் சரித்திரத்தை நாம் காட்ட வேண்டாவோ? நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் பழைய கணக்கோலையோ, கடிதக் கட்டோ, முன்னோர் குறிப்பேடோ இருப்பின், பழைய குப்பையென்று எறியாமல் காத்து வைப்பீராக. இன்ன வீட்டில், இன்னார் கையில், இன்ன வருஷத்தில் இருந்ததென்று ஒரு சீட்டும் எழுதி அதனுடன் சேர்த்து வைப்பீராக. வாய் தெரியாத செய்தியும், வீடு தெரியாத ஓலையும் பாதிப் பயனே தரும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். தாய்மொழியுடன் பிறமொழி ஒன்றையேனும் பிழையறக் கற்பீராக; துபாஷியின் தொழில் இன்றும் உலகிற் குறைந்துவிடவில்லை. கைப்பேசியில் கணந்தோறும் வந்து விழும் செய்திகளைப் பிறருக்கு அனுப்புமுன், சொன்னவர் யார், எப்போது சொன்னார், வேறெவர் சொன்னார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பீராக. அக்கேள்விகளைக் கேளாத ஓர் இளவரசர், உயிருடனிருந்த தந்தையை இறந்தாரென்று நம்பிப் பகைவர் கோட்டைக்கு ஓடத் துணிந்தார். செஞ்சிக் குன்றுகள் அதற்குச் சாக்ஷியாய் நிற்கின்றன.