ஹெரால்டு காரும் ஒரு பின் அச்சும்

விருதுநகர்ல எங்க தாத்தா வீட்டுல ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது. சிவகாசி தீப்பெட்டி ஆபீசுக்கும் வீட்டுக்குமா ஓடின வண்டி. போன வருஷம் லீவுல அதோட சஸ்பென்ஷனை நானே பிரிச்சேன். பானெட் முழுசா முன்னால கவிழும்கிறதால, வீட்டுல வேலை பார்க்க வசதியான கார்.

இது நம்ம மெட்ராஸ் கார். 1959ல பிரிட்டன்ல வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, 1961லேர்ந்து இங்க ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரிச்சது. இன்ஜின் 948 சிசி. அம்பாசடர்ல பின்சக்கரம் ரெண்டையும் ஒரே அச்சு இணைக்கும். ஹெரால்டுல அப்படி இல்லை. நடுவுல டிஃபரன்ஷியல்; அங்கேர்ந்து ஒவ்வொரு சக்கரமும் கீல் வச்ச மாதிரி தனியா மேலயும் கீழயும் ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இதுதான் ஸ்விங் ஆக்சில்.

கேட்க நவீனமா இருக்கு. ஆனா ஆள் நிறைய ஏறினா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாஞ்சு, டயர் உள்ஓரமா தேயும். வளைவுல வேகமா போய் சட்டுனு ஆக்சிலரேட்டரை விட்டா, வெளிச்சக்கரம் மடங்கப் பார்க்கும், பின்பக்கம் வீசும்.

இந்தியாவுல வாங்கினவங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கல. 1972ல வந்த கசெல் மாடல்ல கம்பெனி மறுபடி ஒரே அச்சுக்குப் போயிடுச்சு. 'இது பின்னேற்றம்தானே, மெக்கானிக்குகளுக்குப் புரியல'ன்னுதான் நான் முதல்ல நினைச்சேன்.

என் தப்புதான் அந்த நினைப்பை மாத்துச்சு. முன்பக்கம் புது ரப்பர் புஷ் போட்டு, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிட்டேன். மூணு மாசத்துல புஷ் கிழிஞ்சது. வண்டியைத் தரையில இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் கடைசியா இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுக்குலயே இருக்கும்.

அடுத்து மாமா கீழ இருக்கிற ட்ரன்னியனைக் காட்டினார். "மாப்ள, இதுல கிரீஸ் அடிச்சிருக்காங்க பாரு." அதுக்குக் கியர் ஆயில்தான் ஊத்தணும். மரைக்குள்ள எண்ணெய் போகலைன்னா துரு ஏறி, ஓடும்போதே முன்சக்கரம் மடங்கிடும். அந்த நிலைமையிலதான் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்.

மேனுவலைக் கையில வச்சிருந்த எனக்கே இந்தக் கதி. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை நேர்ல கத்துக்கத்தான் கல்கத்தா போனாங்க. மெஷின் மட்டும் வந்தா போதாது, கைப்பக்குவமும் கூடவே வரணும். கசெலோட அச்சு பின்னேற்றம் இல்லை. வண்டியை ஓட்டி, பழுது பார்த்தவங்க கொடுத்த ஃபீட்பேக். கம்பெனி அதைக் கேட்டுச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.