தனி இணையத்தளம் வழி கோப்புப் பகிர்வு

தம்மிடமுள்ள எழுத்து, படம், ஒலி, காணொளிக் கோப்புகளை ஒருவர் தாமே நடத்தும் இணையத்தளத்தில் ஏற்றி, வேண்டியவர் இறக்கிக்கொள்ளத் திறந்துவைப்பது. முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ இடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பொறுப்பில் இருக்கிறது. தனித்தளத்தில் கோப்பின் பெயர், முகவரி, தரம், ஆயுள் நான்கையும் தீர்மானிப்பவர் ஏற்றியவரே. தமிழ் நூல்கள் எந்த நாட்டிலிருந்தும் காசில்லாமல் படிக்கக் கிடைப்பதற்கு, 1990களில் சிலர் சொந்தப் பக்கங்களில் தொடங்கிய வேலை வழிவகுத்தது.

கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நெறிமுறை உலகளாவிய வலையைவிட 20 ஆண்டு மூத்தது. எஃப்.டி.பி. எனப்படும் அதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர். டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வலையைப் பொதுவில் திறந்துவிட்ட பிறகும், தளம் வைத்திருந்தவர்கள் நெடுங்காலம் எஃப்.டி.பி.யைத்தான் நம்பியிருந்தார்கள். திரையின் ஒரு பக்கத்தில் சொந்தக் கணினி, மறுபக்கத்தில் தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணினி. கோப்பைப் பிடித்து அங்கே இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 56கே மோடமும் மேலே ஏற்றும்போது பொதுவாக நொடிக்கு 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. 5 மெகாபைட் கோப்பு ஏற 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்; நடுவில் தொலைபேசி இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தொடக்ககாலத் தமிழ்த் தளங்கள் பக்கங்களைப் படமாக ஏற்றாமல், எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்திலும் தொல்லை இருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலையேற்றிக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்ததால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொம்பும் கீறலும் போட்ட ரோமன் எழுத்துகளே நிறைந்து நிற்கும். எனவே கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் திருக்குறளோடு ஆரம்பித்தது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து இரவுகளில் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள், பிழை திருத்தினார்கள். எவருக்கும் கூலி இல்லை. திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டில் வந்த நூல்கள் பின்னர் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றப்பட்டன.

மதுரைத் திட்டக் கோப்பு ஒன்றைத் திறந்தால், நூலுக்கு முன் ஒரு முகப்புக் குறிப்பு வரும். தட்டச்சுச் செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று அதில் இருக்கும். அக்குறிப்பைக் கழற்றாமல் கோப்பை எவரும் எங்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியும் இருக்கும். திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு இதுவே. உழைத்தவரின் பெயர் நூலோடு பயணம் செய்தது. படிகள் பெருகியதால் ஒரு தளம் விழுந்தாலும் நூல் விழவில்லை.

இலங்கையில் வணிக இணையச் சேவை 1995இல் வந்தது. வடக்கோ போரினால் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த ஒரு சமூகத்துக்கு, படி எடுத்து வைப்பது பொழுதுபோக்கு அல்ல. 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் தொடங்கிய ‘நூலகம்’ மின்நூலகம் ஈழத்து நூல்களைத் தட்டச்சுச் செய்வதில் தொடங்கி, விரைவில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.களுக்கு மாறியது. அந்த மாற்றம் சரியானது. தட்டச்சில் ஒரு நூலுக்கு மாதங்கள் போகும். ஸ்கேனரில் ஒரு நாளில் முடியும். சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், நினைவு மலர் என்று பெரிய நூலகங்கள் பெரும்பாலும் கவனிக்காதவையும் அங்கே சேர்ந்தன. படமாக உள்ளதில் சொல்லைத் தேட முடியாது என்பது குறை.

தனித்தளத்தின் பலவீனம் அதன் ஆயுள். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினாலோ, நடத்தியவர் இறந்தாலோ தளம் மறைந்துவிடும். இலவசமாகப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 1994இல் தோன்றி, யாஹூவின் கைக்குப் போய், 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவும் தன்னார்வலர்களும் அள்ளி எடுத்தவை தவிர மற்றவை போய்விட்டன. கோப்புப் பெயரும் கவனிக்க வேண்டியது. ‘அம்மா’ என்று தமிழில் பெயரிட்டால் இணைப்பைப் படியெடுத்து ஒட்டும்போது அச்சொல் 45 குறிகளாக நீண்டு, மின்னஞ்சலில் உடைந்துபோகலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஊர், ஆண்டு சேர்த்துப் பெயரிடுவதே பாதுகாப்பு.

இலங்கையின் புத்தளம் மாவட்டத்திலுள்ள பாலாவியில், படி எடுத்துக் காத்துப் பகிர்வது தனி அவசரம் பெறுகிறது. கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் உப்பளப் பகுதி இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றியபோது, பெரும்பகுதியினர் புத்தளம், பாலாவி, கற்பிட்டி எங்கும் முகாம்களில் தங்கினர். மன்னார் எருக்கலம்பிட்டி மக்கள் பலர் பாலாவியை அடுத்த நாகவில்லில் குடியேறினர். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் வந்த ஒரு சான்றிதழும் ஒரு கல்யாணப் படமுமே பல குடும்பங்களுக்கு ஊரின் ஆவணம்.

அத்தாள்கள் இன்று கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பியாகவும் வாட்ஸ்அப்பில் படமாகவும் சுற்றுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படும். சேமித்துச் சேமித்து மீண்டும் அனுப்பினால் காணி உறுதியின் முத்திரையிலுள்ள இலக்கம் வாசிக்க முடியாமல் கரைந்துவிடலாம். தாளை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து மூலக்கோப்பை அப்படியே வைப்பதுதான் வழி. ஆனால் உறுதியும் அடையாள அட்டையும் திறந்த தளத்துக்கு உரியவையல்ல. குடும்பத்துக்குள் இரண்டு இடங்களில் படியாக இருக்கட்டும். பாடசாலை மலர், பள்ளிவாசல் விழா மலர், ஊர்ப் படங்கள் ஆகியவை ஊர் பார்க்க வேண்டியவை. அவற்றுக்கும் எழுதியவர், படமெடுத்தவர் அனுமதி தேவை; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் பதிப்புரிமை பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். பழைய ஊரில் அயலவராக இருந்து இன்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவரிடம் அந்த அனுமதியை ஒரு வரி எழுத்தில் வாங்கிவைப்பதை, அவர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.